உறைபனியும் அருளும்

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆர்வென் என்று பெயரிடப்பட்ட புயல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையையும் வட இங்கிலாந்தையும் தாக்கியது. பிரித்தானிய வானிலை நிலையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது. விழுந்த மரங்களால் மூன்று பேர் இறந்தார்கள். அநேகருக்கு ஓரிரு நாளில் மின்சாரம் திரும்பிவிட்டது. நான் வேலை செய்யும் அபர்டீன்சயரின் உட்பகுதியில் ஒரு கிழமைக்கு மேல் இருளில் இருந்தவர்களும் உண்டு. காற்று அடங்கி வானம் வெளித்ததும் உறைபனி இறங்கியது.

நான் வீடுகளுக்கு ஹீட் பம்ப் பூட்டுகிறவன், பூட்டியவற்றைப் பராமரிக்கிறவன். அந்தப் புயலுக்குப் பிறகு பார்த்த இரண்டு வீடுகள் என்னை ஒரு பழைய கேள்விக்குள் இழுத்துப் போயின. இரண்டும் ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே இருப்பவை. இரண்டிலும் சுவரோரம் ஒரே வகை யந்திரம். ஒரு வீட்டில் தமிழ் அன்ரி ஒருவர் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றித் தேவாரம் பாடிய பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் படும். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற ஸ்கொட்டிஷ் ஆசிரியர். தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதை யாரிடமும் மறைக்காதவர். புயல் அடித்தபோது அன்ரி லண்டனில் மகள் வீட்டில் இருந்தார். ஆசிரியரும் ஊரில் இல்லை. மின்சாரம் வந்து பனி உருகியபோது அன்ரியின் யந்திரம் நாசமாகிக் கிடந்தது. ஆசிரியரின் யந்திரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“தம்பி, நான் என்ன பாவம் செய்தனான்? ஒரு வெள்ளியெண்டாலும் விளக்கு வைக்காமல் விட்டிருப்பனே? முன்வீட்டு மனிசன் கோயில், சேர்ச் எண்டு ஒரு இடமும் போறேல்லை. அந்தாளின்ர வீட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லை” என்றார் அன்ரி.

காப்புறுதிப் பணம் வருமா, புது யந்திரம் எப்போது வரும் என்பவற்றுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு மட்டும் அந்த இடத்தில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. விவிலியத்தில் யோபு கேட்ட கேள்வி இது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத் தாய்மார் கேட்ட கேள்வி. ஒரு யந்திரம் பழுதான இடத்தில் எழுந்தது என்பதற்காக அதைச் சின்னக் கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

என்ன நடந்தது என்பதை முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் கடவுளைக் குற்றம் சொல்வதும் பிழை, கடவுளுக்காக வழக்காடுவதும் பிழை.

ஹீட் பம்ப் வெளிக் காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டுத் தண்ணீருக்கு ஏற்றுகிறது. இப்படிச் செய்யலாம் என்ற எண்ணத்தை 1852இல் கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், எழுத்தில் வைத்தார். பிரித்தானிய வீடுகளில் பெருமளவில் பூட்டப்படுவது மொனோபிளொக் வகை. அதில் குளிரூட்டி வாயு முழுவதும் வெளியே நிற்கும் பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கும். ரேடியேற்றர்களில் ஓடும் தண்ணீர்தான் சுவரைத் தாண்டி வெளியே வந்து, பெட்டிக்குள் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, மறுபடி உள்ளே போகும். ஆகவே வீட்டுத் தண்ணீர் சிறிது தூரம் திறந்த வெளியில் பயணம் செய்கிறது. யந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் எந்தக் குளிரிலும் அதற்கு ஆபத்தில்லை. ஓடாமல் கனநேரம் நின்றால்தான் ஆபத்து.

இதற்கென்று யந்திரத்துக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. தண்ணீர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குளிர்ந்தால் அது தானாகவே பம்பியை ஓட்டித் தண்ணீரைச் சுழற்றும். தேவைப்பட்டால் சூடாக்கும். அன்ரியின் வீட்டில் யந்திரத்தைப் பூட்டியவர்கள் அந்தக் காவல் ஒன்றையே நம்பி விட்டிருந்தார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். கம்பங்களைச் சாய்த்த புயலுக்குப் பின்னாலேயே குளிரும் வந்தது. ஆபத்து வந்த இரவில் காவல் ஏற்கனவே செத்திருந்தது.

குழாயைச் சுற்றிக் காப்புறை இருந்ததே என்று அன்ரி கேட்டார். இருந்தது. ஆனால் மெல்லியது. வளைவுகளிலும் வால்வைச் சுற்றியும் செம்பு வெறுமனே தெரிந்தது. திறமான காப்புறையாக இருந்தாலும் அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் வெப்பம் போகிற வேகத்தைக் குறைக்கிறது. 28 மில்லிமீற்றர் செம்புக் குழாயில் ஒரு மீற்றருக்கு அரை லீற்றருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். அதற்கு 19 மில்லிமீற்றர் தடிப்பில் நல்ல ரப்பர் நுரைக் காப்புறை போட்டிருக்கிறோம், தண்ணீர் 35 பாகை செல்சியஸ் சூட்டில் நிற்கிறது, வெளியே பூச்சியத்துக்குக் கீழே 8 பாகை என்று வைத்துக்கொள்வோம். என் கணக்குப்படி நாலைந்து மணி நேரத்தில் தண்ணீர் பூச்சியத்தைத் தொட்டுவிடும்.

பூச்சியத்தைத் தொட்டதும் தண்ணீர் உடனே கட்டியாகாது. ஒரு கிலோ தண்ணீர் முழுதாக உறைய 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விட வேண்டும். அதே தண்ணீரை 80 பாகை குளிரச் செய்வதற்கு ஏறத்தாழ ஈடான அளவு இது. இந்த மறைவெப்பத்தை 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் கண்டறிந்தவர் ஜோசப் பிளாக். இது இல்லாவிட்டால் மலைப்பனி முழுவதும் வெயில் பட்டதும் ஒரேயடியாக உருகிப் பெருவெள்ளமாய்ப் பாயும் என்று அவர் மாணவர்களுக்குச் சொன்னார். நான் சொன்ன அந்தக் குழாயிலும், உறையத் தொடங்கிய தண்ணீர் முழுவதும் கட்டியாக இன்னும் ஒரு நாள் செல்லும். இயற்கை அவ்வளவு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் ஆள் வரவேண்டும், அல்லது மின்சாரம் வரவேண்டும். அன்ரி வீட்டுக்கு இரண்டும் வரவில்லை.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது. ஓரிடத்தில் உறைந்த கட்டி குழாயை அடைக்கும். அது வளர வளர, அதற்கும் அடுத்த அடைப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறும். அந்த இடைவெளியில் எது பலவீனமோ அது உடையும். உறைந்த இடம் ஒன்று, உடைந்த இடம் வேறு என்பது எங்கள் தொழிலில் அடிக்கடி காண்பது. அன்ரியின் யந்திரத்தில் உடைந்தது பெட்டிக்குள் இருந்த வெப்பமாற்றி. மெல்லிய உருக்குத் தகடுகளுக்கு ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் குளிரூட்டி வாயுவும் ஓடும் பகுதி அது. தகடு வெடித்தும் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தவரை ஒன்றும் வெளியே தெரியவில்லை. குளிர் தணிந்து கட்டி உருகிய பிறகுதான் தண்ணீர் வாயுவின் பாதைக்குள் புகுந்து கொம்பிறசரைக் கொன்றது.

எதிர் வீட்டில் வெளிக்குழாய்கள் இரண்டின் தாழ்ந்த இடத்திலும் ஒவ்வொரு உறைதடுப்பு வால்வு இருந்தது. கைக்குள் அடங்கும் சின்னப் பொருள். உள்ளே வெப்பத்துக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் மெழுகு இருக்கிறது. தண்ணீர் 3 பாகை அளவுக்குக் குளிர்ந்ததும் மெழுகு சுருங்கி வால்வைத் திறந்துவிடும். குழாய்த் தண்ணீர் நிலத்தில் கொட்டிவிடும். மின்சாரம் தேவையில்லை, ஆளும் தேவையில்லை. அந்த வீட்டுச் சுவரடியில் உறைந்த தண்ணீர் பெரிய மேடாகக் கிடந்தது. குழாய் வெறுமையாக, நலமாக இருந்தது.

இதுதான் நடந்தது. ஒரு வீட்டில் மின்சாரத்தை நம்பாத காவல் இருந்தது, மற்ற வீட்டில் இருக்கவில்லை. விளக்கேற்றியவர் யார், ஏற்றாதவர் யார் என்று தண்ணீர் பார்க்கவில்லை. அப்படியானால் அன்ரி கேட்டது என்ன ஆகிறது? அருள் என்று நாங்கள் சொல்வது எங்கே இருக்கிறது?

முதலில் ஒரு விடையை நான் மறுக்க வேண்டும். எங்களிடையே அது சுலபமாக வாயில் வருவது. போன பிறவியில் செய்ததன் பலன் என்பார்கள். நான் வினைக்கொள்கையை நம்புகிறவன். ஆனால் அந்தக் கொள்கை என் நடத்தையை நான் திருத்திக்கொள்வதற்காக எனக்குத் தரப்பட்டது. அடுத்தவருடைய இழப்பின் மேல் தீர்ப்பெழுத அதை எடுப்பவர் கொள்கையையே திரிக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தைச் செய்தபோது, வினை தானாகவே பயன் தரும் என்ற மீமாஞ்சகர் கொள்கையைச் சைவம் ஏற்காது என்பதை நிலைநாட்டினார். வினை சடப்பொருள். அதற்கு அறிவில்லை. இன்ன வினையை இன்ன பயனோடு கூட்டுவது இறைவன் அறிவால் மட்டுமே ஆகும். அப்படியிருக்க, வெடித்த வெப்பமாற்றியைப் பார்த்து இது இந்தப் பாவத்துக்குக் கூலி என்று சொல்கிறவர் இறைவனுடைய கணக்கேட்டைத் தான் படித்துவிட்டதாகச் சொல்கிறார். சைவன் துணியக்கூடாத துணிவு அது. யந்திரத்தை இழந்து நிற்கும் ஒரு முதியவளிடம் அதைச் சொல்வது கொடுமை.

இரண்டாவது விடை அதற்கு நேர்மாறானது. இயற்கை குருடு, விதி கல், அருள் என்பது நாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் என்பது. எதிர் வீட்டு ஆசிரியரின் நிலை ஏறத்தாழ இதுதான். அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரையே இன்னும் கொஞ்சம் கவனித்தால் விடயம் அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை.

ஊரில் உயர்தரம் படித்தபோது ஹோப்பின் உபகரணம் என்று ஒன்றைப் படித்தோம். எடின்பரோப் பேராசிரியர் தோமஸ் சாள்ஸ் ஹோப் 1805இல் வெளியிட்ட பரிசோதனை அது. உயரமான ஒரு பாத்திரத்தில் தண்ணீர், மேலே ஒரு வெப்பமானி, கீழே ஒரு வெப்பமானி, நடுப்பகுதியைச் சுற்றி உறைகலவை. முதலில் கீழ் வெப்பமானி இறங்கும். 4 பாகையில் அது நின்றுவிடும். பிறகு மேல் வெப்பமானி இறங்கிப் பூச்சியம்வரை போகும். தண்ணீர் 4 பாகையில்தான் மிக அடர்த்தியானது, அதற்குக் கீழே குளிரும்போது இலேசாகி மேலே ஏறுகிறது என்பதை அது காட்டியது. யாழ்ப்பாணத்து வெக்கையில் இருந்துகொண்டு பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அதன் பொருள் புரிந்தது இங்கே டீசைட் பக்கத்து கினோர்ட் ஏரிக்கரையில், கடுங்குளிர் நாள் ஒன்றில். ஏரியின் மேற்பரப்பு இறுகியிருந்தது. பனிக்கட்டி மிதப்பதால் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது, மீன்கள் குளிர்காலத்தைக் கடக்கின்றன. பனிக்கட்டி தண்ணீரைவிடப் பாரமாக இருந்தால் ஏரிகள் அடியிலிருந்து உறைந்துகொண்டு வரும்.

அன்ரியின் யந்திரத்தை உடைத்த குணமும் அந்த மீன்களைக் காத்த குணமும் ஒன்றே. தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது ஐதரசன் பிணைப்புகளால் இடைவெளி விட்டு அடுக்கப்படுகின்றன. அதனால் இடம் கூடுகிறது, பாரம் குறைகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட முடியாது. இங்கிலாந்தில் வில்லியம் ஹ்யூவல் 1833இல் எழுதிய நூலில் தண்ணீரின் இந்த இயல்பைப் படைத்தவரின் ஞானத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டினார். நான் அதைச் சான்றாக வைத்து வாதிட வரவில்லை. மீனைக் காட்டிக் கடவுளை நிறுவினால், உடைந்த குழாயைக் காட்டி மறுப்பதற்கும் இடம் கொடுத்ததாகும். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அன்ரி கேட்டது ஒரு விலக்கு. தன் வீட்டில் மட்டும், அந்த இரவுகளில் மட்டும், தண்ணீர் உறையாமல் இருந்திருக்கலாமே என்று. அந்த விலக்கு அவருக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன்.

பிரெஞ்சுத் தத்துவஞானியும் பாதிரியாருமான மாலெபிராஞ்ச் 1680இல் இயற்கையும் அருளும் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். மழை விதைத்த வயலிலும் பெய்கிறது, கடலிலும் பெய்கிறது. கடலில் பெய்த மழையால் யாருக்கு என்ன பயன்? கடவுள் பொதுவிதிகளால் செயற்படுகிறார், ஒவ்வொரு துளிக்கும் தனி முடிவெடுத்து அனுப்புவதில்லை என்பது அவர் விளக்கம். படிக்கும்போது முதலில் அது எனக்குக் குளிர்ந்த பதிலாகவே பட்டது. வால்வைக் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது.

அந்த மெழுகு வால்வைச் செய்தவர்கள் ஆசிரியரைக் கண்டதில்லை. அவருக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் எங்கும், எவர் வீட்டிலும், பூச்சியத்தில்தான் உறையத் தொடங்கும் என்பதை நம்பி மெழுகை 3 பாகைக்குப் பொருத்தி அனுப்பினார்கள். தண்ணீர் ஒருவருக்கு இரங்கி ஒரு நாள் உறையாமல் இருந்து, இன்னொருவர் மேல் கோபித்து 10 பாகையில் உறையுமானால், இந்த உலகத்தில் யாரும் யாருடைய வீட்டையும் காக்க முடியாது. விதி வளையாமல் நிற்பதால்தான் ஒருவர் இன்னொருவருக்கு, முகம் தெரியாமலே, முன்கூட்டி உதவ முடிகிறது. காப்பதற்கு உலகம் இடம் வைத்திருக்கிறது. அருள் என்று நான் இன்றைக்குச் சொல்வது இதைத்தான். விதியை முறித்துக்கொண்டு அது வருவதில்லை. விதியை அறிந்த ஒருவர் அறியாத ஒருவருக்காக அதைக் கையாளும்போது அவர் கை வழியாக வருகிறது. இறைவன் விதிக்குப் பின்னால் மறைந்து நிற்கிறான் என்றால், அந்த மறைத்தலையும் சைவசித்தாந்தம் அவனுடைய ஐந்தொழிலில் ஒன்றாக, அருளின் செயலாகவே வைத்திருக்கிறது.

இதை இன்னொரு பக்கமாகவும் சொல்ல வேண்டும். அன்ரியை இவ்வளவு நோகடித்தது யந்திரத்தின் விலை மட்டும் இல்லை. அவருடைய பக்திக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. நான் விளக்கேற்றுகிறேன், நீ வீட்டைப் பார்த்துக்கொள். நாங்கள் எல்லோரும் சிறு வயதில் அப்படித்தான் கும்பிடத் தொடங்கினோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் நிற்கும் பக்தி, யந்திரத்துக்குள் இருந்த அந்தக் காவலைப் போன்றது. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதுவும் ஓடும். புயல் வந்து எல்லாவற்றையும் நிறுத்தும் இரவில், எப்போது அது வேண்டுமோ அப்போது, அதுவும் நின்றுவிடும். நலத்தை நம்பி நிற்கும் பக்தி நலம் போகும்போது கூடவே போகிறது. வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டாலும் செயற்படுகிற பக்தி ஒன்று வேண்டும். கேட்டதைக் கொடுத்தானா என்று பார்க்காமல், எனக்கு முன்னால் காக்கப்பட வேண்டியது எது என்று பார்க்கிற பக்தி அது.

இந்த வாதம் ஒரு குழாய்க்குச் சரி, ஒரு பெரிய அழிவின் முன்னால் நிற்குமா என்று என்னை நானே கேட்டிருக்கிறேன். 1755 நவம்பர் முதலாம் நாள், சகல புனிதர் திருநாளன்று, லிஸ்பன் நகரத் தேவாலயங்களில் சனம் நிறைந்திருந்த நேரத்தில் நிலநடுக்கம் வந்தது. வோல்த்தேர் அதன் பிறகு, எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தைக் கேள்வி கேட்டுக் கவிதை எழுதினார். எனக்கு லிஸ்பன்வரை போகத் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26, ஞாயிறு, பூரணை நாள். காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அசைந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் அடைந்தது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். பாவத்துக்குத் தண்டனை என்று அப்போதும் சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சை அன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியாது.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கவில்லை. கடலில் அலை எந்த வேகத்தில் ஓடும் என்பது முன்பே தெரிந்த விதி. அந்த விதி எங்கள் சனத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கொடுத்தது. பசிபிக்கில் 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. அறிந்தவர்கள் இருந்தார்கள், கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழி இருக்கவில்லை. பிறகு யுனெஸ்கோவின் கீழ் பல நாடுகள் சேர்ந்து அந்த ஏற்பாட்டை உண்டாக்கின. 2011இலிருந்து இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் எச்சரிக்கை அனுப்புகின்றன. பிள்ளையை இழந்த தாயின் துயரத்தை இந்த விளக்கம் குறைக்காது. குறைக்கும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. துயரத்தின் மேல் பழியையும் ஏற்றி அந்தத் தாயைச் சுமக்கவைப்பதை இது தடுக்கும். அடுத்த முறை அந்த இரண்டு மணி நேரம் வீணாகாமல் பார்ப்பது எங்கள் கடமை என்பதையும் இது சொல்லும்.

அன்ரியின் வீட்டுக்குப் புது யந்திரம் பூட்டும் வேலை என்னிடம் வந்தது. “இனிப் பயமில்லைத்தானே தம்பி?” என்று கேட்டார். இருக்கிற இரண்டு வழிகளையும் அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஒன்று எதிர் வீட்டில் உள்ளது போன்ற வால்வு. அது தண்ணீரை முழுதாக விட்டுக்கொடுத்துக் குழாயைக் காக்கும். ஆனால் கொட்டிய பிறகு யந்திரம் ஓடாது. யாராவது வந்து தண்ணீர் நிரப்பி அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். மற்றது தண்ணீரோடு புரொப்பிலீன் கிளைக்கோல் கலப்பது. நூற்றுக்கு 30 பங்கு கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 13 பாகைவரை உறையாது. அதற்குக் கீழே போனாலும் முதலில் பனிச்சேறாகுமே தவிரக் கட்டியாகி இறுகாது. பக்கத்துப் பிறேமாரில் 2021 பெப்ரவரியில் பூச்சியத்துக்குக் கீழே 23 பாகைவரை போனது என்பதால் இந்தக் கணக்கு எங்கள் ஊரில் முக்கியம். இரண்டையும் சேர்த்துப் போடவும் முடியாது. வால்வு திறந்தால் விலை கொடுத்து வாங்கிய கிளைக்கோல் எல்லாம் மண்ணுக்குப் போகும்.

கிளைக்கோலுக்கும் விலை உண்டு. கலவை தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும், தடிப்பாக ஓடும், பம்பிக்கு வேலை கூடும். அதில் சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்புப் பொருட்கள் காலப்போக்கில் பலமிழக்கும். கவனிக்காமல் விட்டால் கலவை அமிலமாகி, காக்க வேண்டிய உலோகத்தையே தின்னத் தொடங்கும். வருடம் ஒருமுறை சில துளிகள் எடுத்துச் செறிவையும் அமிலத்தன்மையையும் பார்க்க வேண்டும். வீட்டில் இல்லாத நேரம் அதிகம், மின்சாரம் திரும்பினால் யந்திரம் தானாகவே ஓட வேண்டும் என்பதால் அன்ரி கிளைக்கோலைத் தெரிவு செய்தார். குழாய்களுக்குத் தடித்த காப்புறையை வளைவும் வால்வும் விடாமல் சுற்றி, வெயிலும் பறவைகளும் அரிக்காதபடி மேலே உறையிட்டோம். பயமில்லை என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. வருடாவருடம் வந்து பார்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். விதி எங்களுக்கு வளையாது என்றால் காவலும் ஒருமுறை செய்து முடிக்கும் காரியமாக இருக்க முடியாது.

அதற்குப் பிறகு அன்ரி செய்ததுதான் எனக்குப் பெரும் பாடம். இன்வெர்னெஸ், டண்டி, கிளாஸ்கோ என்று தனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்தார். உங்கட வீட்டுப் பெட்டிக்குள்ள வெறும் தண்ணியோ, மருந்து கலந்ததோ, கரண்ட் போனால் என்ன நடக்கும், பூட்டினவையைக் கேளுங்கோ என்று சொன்னார். கேட்டவர்களில் சிலர் ஆள் பிடித்துத் திருத்தினார்கள். விளக்கு இன்னும் வெள்ளிதோறும் எரிகிறது. என்ன பாவம் செய்தேன் என்ற கேள்வியை அவர் பிறகு என்னிடம் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்துவிட்டதை மற்றவர்களிடம் கொண்டுபோவதில் அவர் இறங்கிவிட்டார்.

சைவம் இறைவனை அடையும் நெறிகளாகச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கைச் சொல்கிறது. முதற்படி சரியை, உடலால் செய்யும் தொண்டு. அதற்கு எங்களிடம் உள்ள பெரிய உதாரணம் அப்பர் சுவாமிகள். உழவாரப்படையோடு கோயில் வீதிகளில் புல்லையும் முள்ளையும் செதுக்கினார். அந்த வீதியில் யார் நடக்கப்போகிறார், அவர் நல்லவரா, பக்தி உள்ளவரா என்று விசாரித்துக்கொண்டு முள்ளைச் செதுக்க முடியாது. யாராவது நடப்பார்கள், முள் எந்தக் காலையும் குத்தும், அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். வருமுன் காப்பதை வழிபாடாக உயர்த்தி வைத்த சமயம் இது. ஒக்டோபர் மாதத்தில் வீடு வீடாகப் போய், காப்புறையின் கிழிசலை மூடி, கிளைக்கோலைச் சோதித்து, வால்வைத் துடைக்கும்போது நானும் அந்த நெறியின் கடைசி வரிசையில் நிற்பதாகவே நினைத்து வேலை செய்கிறேன். ஆசிரியரின் வீட்டிலும் அன்ரியின் வீட்டிலும் ஒரே கவனத்தோடு செய்கிறேன்.

“எல்லாம் அவன் செயல், வருகிறது வரட்டும்” என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. எல்லாம் அவன் செயல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தண்ணீர் பூச்சியத்தில் உறைவது அவன் செயல் என்றால், மெழுகு 3 பாகையில் சுருங்குவதும் அவன் செயல், அதைக் கண்டறியும் அறிவும் அவன் தந்தது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விடுவதைச் சரணாகதி என்று சொல்ல மாட்டேன். தந்ததை வாங்காமல் விடுவது அது.

ஆகவே குளிர் நாடுகளில் வாழும் என் சனத்திடம் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் வீட்டுச் சுவருக்கு வெளியே போகும் குழாயில் என்ன ஓடுகிறது, மின்சாரம் ஒரு கிழமை இல்லாவிட்டால் அதை எது காக்கும் என்று குளிர் தொடங்குமுன் விசாரியுங்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவருக்கும், நேற்று இந்த நாட்டுக்கு வந்து குளிரின் விதி இன்னும் தெரியாத குடும்பத்துக்கும் அதைச் சொல்லுங்கள். அவர்கள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டாம். அருள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இந்த வழியாகப் போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.